ஒரே அழுத்து, இரண்டு வேட்டு

நைனா,

நேற்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் மணி படுத்துகிறது. ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் அடிக்கிறது. பால் போடுகிறவர் வந்தாலும் தலை போகிற அவசரம் மாதிரி இருக்கிறது. மணியை மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீசியனை மருமகள் காலையில் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "நான் ஒழுங்காத்தான்க்கா மாட்டினேன்" என்று அவன் கெஞ்சியது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. சாயங்காலம் வருகிறானாம்.

அந்தக் கெஞ்சலைக் கேட்ட பிறகு எனக்குப் பேப்பரில் கண் ஓடவில்லை. உள்ளே வந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவனுக்கு என்னத்தை எழுதுவது?

உனக்கு நினைவிருக்கும், எழுபதுகளின் தொடக்கம். வேலைக்குப் போகிற ரயிலில் நீ திருவள்ளூரில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பாய். நான் செவ்வாப்பேட்டையில் ஏறுவேன். பழவேற்காட்டில் வலை வீசுகிற குடும்பத்தில் பிறந்தவன் துப்பாக்கி பிரிக்கிற வேலைக்கு எப்படி வந்தாய் என்று நான் உன்னைச் சீண்டாத நாள் இல்லை. வலையில் மீனுக்குப் பதில் குண்டு சிக்கியதா என்பேன். நீ சிரித்துக்கொண்டே என் டப்பாவிலிருந்து பாதி இட்லியைக் காலி செய்துவிடுவாய்.

நம் ராணுவப் பட்டறைக்குப் பழுதுக்கு வருகிற துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. வேலை செய்தவன் மேலே கையெழுத்துப் போட வேண்டும், சரிபார்த்தவன் கீழே. சரிபார்ப்பவன் துப்பாக்கியை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். யார் பிரித்தார்கள்? என் அட்டையில் நீ, உன் அட்டையில் நான், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பத்து அட்டைக்குக் கையெழுத்து விழும். அவன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை. அதில் நமக்குப் பெருமை வேறு.

அந்த வியாழக்கிழமை ஒரு ரைபிளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஓர் அழுத்துக்கு ஒரு குண்டு போகிற ரகம். அடுத்த குண்டை அதுவே ஏற்றிக்கொள்ளும், ஆனால் விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அது வெடிக்கும். முந்தின நாள் பயிற்சியில் ஒரு சிப்பாய் சுட்டபோது இரண்டு குண்டு போய்விட்டது. முதல் குண்டு இலக்கில் பட்டது. அது தந்த உதைப்பில் துப்பாக்கியின் வாய் மேலே தூக்க, இரண்டாவது குண்டு மண்மேட்டைத் தாண்டிப் போய் ஒரு பனைமரத்தில் இறங்கியது. மரத்துக்கு அந்தப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நெல்லூர்ப் பக்கத்து ஆள் அந்தச் சிப்பாய். வேண்டுமென்றே இரண்டாவது தரம் அழுத்தினான் என்று அவன்மேல் விசாரணை. சனிக்கிழமைக்குள் நம் பட்டறை அறிக்கை கொடுக்க வேண்டும். துப்பாக்கியில் குறை இல்லை என்றால் குறை அவனிடம். வேலை போகும், சிறைக்குப் போனாலும் போவான். அவனையும் அழைத்து வந்திருந்தார்கள். "ஒரு தரம்தான் அழுத்தினேன்" என்று தெலுங்கில் சொன்னான், இந்தியில் சொன்னான், தெரிந்த நாலு வார்த்தைத் தமிழிலும் சொன்னான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரைபிளின் எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என் கை பட்டதுதான். ஆனால் எனக்குப் பயம் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நான் தொட்டது கெடாது என்கிற கொழுப்பு. சிப்பாய்தான் பதறி அழுத்தியிருப்பான் என்று நானும் சொன்னேன்.

போர்மேன் அன்று காலை வெயில் ஏறுமுன் நிதானமாக இருபது குண்டு சுட்டுப் பார்த்தார். இருபதும் ஒவ்வொன்றாகத்தான் போயின. அறிக்கையில் 'குறை ஏதுமில்லை' என்று பென்சிலால் எழுதிவிட்டு, மறுநாள் மை போட்டுக்கொள்ளலாம் என்றார். நீ மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"பென்சிலாவே இருக்கட்டும் சார். மை போட இன்னா அவசரம்?" என்றாய்.

பிறகு நீ செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க் கூச்செறிகிறது. நாங்களெல்லாம் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ போய் அந்த மனிதன் பக்கத்தில் குந்தினாய். பழவேற்காட்டில் பழகிய தெலுங்கில் பேசினாய். எத்தனை மணிக்குச் சுட்டான், எவ்வளவு வேகமாகச் சுட்டான், வெயில் எப்படி இருந்தது, தோளில் எங்கே வைத்தான் என்றெல்லாம் கேட்டாய். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் மூச்சு விட முடிந்ததா என்றும் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. முடியவில்லை, ஒரே சத்தம் கிழிந்த மாதிரி இருந்தது என்றான் அவன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சுட்டுப் பார்க்கலாம் என்று நீ போர்மேனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாய். நீ சுட்டாய், நான் பக்கத்தில் நின்று வேட்டுக்கு ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு தரமும் இரண்டே இரண்டு குண்டுதான் போட்டாய். இரண்டு சேர்ந்து போனாலும் மூன்றாவது போக வழி இருக்கக் கூடாதே. அந்தச் சிப்பாயையும் வரவழைத்துப் பிடிக்கச் சொல்லி, அவன் பிடியில் குறை இல்லை என்று பார்த்துக்கொண்டாய். துப்பாக்கி சூடேறச் சூடேற நீ வேகத்தைக் கூட்டினாய். உன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. போதும் நைனா, பேஜாரு பண்ணாதே என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கிழிந்தது. அவன் சொன்ன அதே மாதிரி, ஒரே அழுத்துக்கு இரண்டு வேட்டு. மண்மேட்டின் உச்சியில் புழுதி கிளம்பியது. சிப்பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பட்டறைக்கு வந்து வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி வரிசையாக வைத்தாய். எதையும் நீ அவசரமாகத் தொடவில்லை. கடைசியில், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிற அந்தச் சின்ன எஃகுக் கொக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாய். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"பாரு நைனா" என்று லென்ஸை என்னிடம் கொடுத்தாய்.

பார்த்தேன். கொக்கியின் விளிம்பில் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை. சாணை பிடிக்கிற எண்ணெய்க் கல்லால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். வலது கைக்காரன் தேய்த்தால் கீறல் அந்தப் பக்கம் சாயாது. நம் பட்டறையில் இடது கையால் வேலை செய்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சுடும் போட்டிக்குப் போகிற ஒரு ஹவில்தார் என்னிடம், விசை ரொம்பக் கனமாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கிக் கொடு என்று கேட்டிருந்தான். விளிம்பு மழுங்கினால் சுத்தியல் நழுவித் தானாகவே விழும், அந்தக் கொக்கியில் கல் படவே கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது என்று அவன் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். அட்டையில் நான் அதை எழுதவில்லை.

நீ என்னைத் திட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ அறிக்கைத் தாளை எடுத்துப் போர்மேனின் பென்சில் எழுத்தை அழித்தாய். அதில் என்னவோ எழுதினாய். பிறகு தாளின் கீழ்ப்பாதியைப் பின்பக்கம் மடித்து, வெறுமையாக இருந்த மேல்பாதி தெரியும்படி கொக்கிக்குப் பக்கத்தில் வைத்தாய். பேனாவையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

அந்த அரை மணி நேரத்தில் என் புத்தி எங்கெல்லாம் போனது தெரியுமா? அலமாரியில் புதுக் கொக்கிகள் டப்பா நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து மாட்டிவிட்டால் துப்பாக்கி சரியாகிவிடும், 'தேய்மானம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் சிப்பாயும் தப்பிவிடுவான், நானும் தப்பிவிடுவேன். டப்பாவைத் திறந்தும்விட்டேன். நீ திரும்பி வந்தபோது என் கையில் புதுக் கொக்கி இருந்தது. தாள் அப்படியே இருந்தது. உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அது இல்லாததுதான் என்னைக் கொன்றது.

"நான் எழுதினா உன்னைப் புடிச்சதா ஆவும். நீ எழுதினா நீயே சொன்னதா ஆவும்" என்றாய். "அந்தாளு ரெண்டு நாளா சரியா துன்னல நைனா."

எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. எப்போது தேய்த்தேன், எதற்குத் தேய்த்தேன், அட்டையில் மறைத்தேன், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போர்மேனிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு போகும்போதுதான் மடிப்பைப் பிரித்தேன். கீழே உன் எழுத்து. 'இந்தத் துப்பாக்கி இரண்டு மாதத்துக்கு முன் பழுது பார்த்து வெளியே போனபோது சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். பிரித்துப் பார்க்காமல் போட்டேன். தவறு என்னுடையது.' என் பெயர் அதில் எங்கும் இல்லை.

டீ குடிக்கப் போவதற்கு முன்பே எழுதிவிட்டாய். நான் மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாலும், அந்தத் தாள் உன்னை மட்டும் சுமந்துகொண்டு போயிருக்கும். அங்கேயே, கதவுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். உனக்கு இன்றுவரை இதைச் சொன்னதில்லை.

சிப்பாய்மேல் இருந்த குற்றம் விலகியது. நம் இருவரையும் ஆறு மாதம் மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு அனுப்பினார்கள். பழைய உறுப்புகளைக் கழுவிக் கழுவி இரண்டு பேருக்கும் கைத்தோல் உரிந்தது. ஒரு நாள் அந்தச் சிப்பாய் தொட்டிக்கே தேடி வந்து, குதிகாலைத் தட்டி உனக்கு ஒரு சல்யூட் அடித்தான். நீ சொட்டச் சொட்ட எண்ணெய்க் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாய். ஒரு மந்திரிக்குக்கூட அப்படி ஒரு சல்யூட் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பெஞ்சுக்குத் திரும்பிய முதல் நாளே நான் பழுது பார்த்த துப்பாக்கியைப் பிரிக்க ஆரம்பித்தாய். எனக்குச் சுருக்கென்றது. "இனிமே பிரிச்சிதான் பாப்பேன். கோச்சிக்காதே. என்னுதையும் நீ பிரி" என்றாய். ஓய்வு பெறும்வரை ஒருவர் வேலையை ஒருவர் பிரித்துக்கொண்டே இருந்தோம். உன்னைவிடப் பெரிய படிப்பாளிகளை, பதவிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். உன் அளவுக்கு உயரமான ஆளை இன்னும் பார்க்கவில்லை.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. இரண்டு தரம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எலக்ட்ரீசியன்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகள் ஆரம்பித்துவிட்டாள். அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மணியின் பொத்தான் அழுத்தக் கஷ்டமாக இருக்கிறதென்று, வீட்டில் யாரும் இல்லாதபோது நான்தான் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை வளைத்துவிட்டேன். முந்தாநாள். இந்த இடது கைக்கு எழுபத்தைந்து வயசுக்கு மேலும் புத்தி வரவில்லை. காலையில் போன் பேசும்போதே தெரியும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நைனா.

"அவரை ஒண்ணும் சொல்லாதேம்மா. கெடுத்தது நான்தான்" என்றேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மண்ணெண்ணெய்த் தொட்டியே தேவலை. அவனிடம் புது ஸ்பிரிங் வாங்கி நானே மாட்டினேன். ஒரு தரம் அழுத்தினேன். ஒரு தரம்தான் அடித்தது. அவன் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

நான் விடவில்லை. திருப்புளியை அவன் கையில் கொடுத்து, "பிரிச்சிப் பாத்துட்டுப் போப்பா" என்றேன்.