கடலைக் குடிக்கும் ஊர்

என் அன்பு ராசாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மருமகளும் என் பேத்தியும் அந்தக் குளிரில் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் என் மனசு ஆறும். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நீ எடுத்த எடுப்பில் "திரும்பி வாங்கம்மா, அறுபது வயசுல இதெல்லாம் தேவையா" என்று ஆரம்பித்துவிடுகிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதும் படி.

என் வேலைக்காக நாங்கள் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆச்சரியத்தில் திறந்த வாய் மூடவில்லை. நாலு மணி நேரம் விமானத்தில் வந்தோம், கீழே பார்த்தால் வெறும் காய்ந்த மண், ஒரு மரம் இல்லை, ஒரு கூரை இல்லை. திடீரென்று அந்த மண் முடிகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ஊர், அதற்கப்பால் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். எட்டு மாதத்தில் ஒரு தூறல் கூடக் கிடையாது. காலை ஏழு மணிக்கே வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. நான் கொண்டுவந்த நீலத் திரைச்சீலை இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டது, கதவுக் கீல்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து முனகுகின்றன. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய உன் அப்பாவுக்கு மட்டும் ஊர் பிடிக்கவில்லை. "மூணு ஸ்டாப்பிங்ல முடிஞ்சு போற ஊரு, இதுல எங்க போறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். கடல் பக்கம் ஒரு நாள் கூட வரவில்லை. நீச்சல் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்ய என்பார். நான் வேலைக்குப் போன பிறகு சமைத்து வைத்துவிட்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரை இங்கே இழுத்து வந்தது தப்போ என்று நானும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை.

என் வேலையைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஊருக்கு ஆறு இல்லை, ஏரி இல்லை, கிணறு தோண்டினால் அதிலும் உப்பு. ஊர் முழுக்கக் குடிப்பது கடலைத்தான். பெரிய குழாயில் கடல்நீரை இழுத்து, சல்லடையில் வடித்து, மெல்லிய ஜவ்வு சுருட்டி வைத்த நீளக் குழல்களுக்குள் பயங்கரமான அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறது, நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் சொட்டுகிறது. நான் செய்வது ஒன்றுதான். மணிக்கொரு தரம் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சோதித்துக் கையெழுத்துப் போடுவேன், பிறகுதான் அது ஊருக்குப் போகும். முதல் நாள் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன், ராசா. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அலையாக இருந்தது, என் தொண்டையில் தித்திப்பாக இறங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் நிலையத்துக்குப் போனால் எல்லா இயந்திரமும் நின்று கிடக்கிறது. கடல்நீரை இழுக்கும் குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கடல் தண்ணீராகவே இல்லை, ஜெல்லி மீன். ஒன்று இரண்டல்ல, லட்சக்கணக்கில், கண்ணாடிக் குடைகளை அடுக்கி வைத்த மாதிரி, வெயில் பட்டு ஊதாவும் ரோஜா நிறமுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவை சல்லடையை அடைத்துக்கொண்டதால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆபத்து என்று தெரிந்தும் அந்த அழகில் நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியில் மிச்சம் இருந்தது சாயங்காலம் வரைக்கும்தான். எங்கள் மேனேஜரை எல்லோரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் ரேடியோவில் ஊரைக் கூப்பிட்டார். அரை மணியில் வந்துவிட்டார்கள். முடிவெட்டுகிறவர், நர்ஸ்கள், பள்ளிக்கூட டீச்சர், ஹோட்டல்காரர்கள், எல்லோரும் கையில் ரப்பர் உறையும் வாளியுமாக. வரிசையாக நின்று வாரி வாரிக் கைமாற்றினார்கள். சோதனைச்சாலை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், தண்ணீர் ஓரத்திலேயே, வரிசையின் முதல் ஆளாக உன் அப்பா! டீச்சரை அதட்டிக்கொண்டிருக்கிறார், "கைய வெச்சு வழிக்காதீங்கம்மா, ஜெல்லி மீன் கொட்டிடும், வாளிய சாய்ச்சுப் புடிங்க" என்று. ஏழு மாதம் யாரோடும் பேசாதவர்!

மதியம் இரண்டு மணிக்கு இயந்திரங்கள் ஓடின, எல்லோரும் கைதட்டினார்கள். முதல் தண்ணீரைச் சோதித்தேன், உப்பு அதிகம். அது சகஜம்தான், நின்று ஓடினால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், பிறகு இறங்கும். அரை மணி கழித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. மீசைக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் வருது. கொஞ்சம் உப்புதானே, ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன், அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சொன்னேன், "சார், உப்பு இறங்காம ஏறுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. உப்பு வர்ற வழில அழுக்கும் வரும். பொறந்த குழந்தைக்கும் இதுலதான் பால் கரைப்பாங்க, நான் போட மாட்டேன்" என்று. வெளியே அத்தனை பேரும் வெயிலில் வாளியோடு என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ ஒருவர், "புதுசா வந்தவங்களுக்கு நம்ம ஊரு கஷ்டம் எங்க தெரியும்" என்றது காதில் விழுந்தது. சுருக்கென்றது.

ஆறு வரிசைக் குழல்கள் இருக்கின்றன. ஆறு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக ஏறி இறங்கித் தனித்தனியாகப் பிடித்து வந்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஏறினேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று நல்ல தண்ணீர். நாலாவது கிட்டத்தட்டக் கடலேதான். ஐந்தும் ஆறும் சரியாக இருந்தன. அந்த வரிசையில் அழுத்தத்தில் ஒரு ரப்பர் வளையம் விலகியிருந்தது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த வரிசையை மட்டும் மூடச் சொன்னேன். அடுத்த முறை மீட்டரைப் பார்த்தபோது எண் சரசரவென்று இறங்கி, இருக்கவேண்டிய இடத்தில் வந்து நின்றது. கையெழுத்துப் போட்டேன். ஐந்து மணி, வெயில் இன்னும் பளீரென்று இருந்தது. மீசைக்காரர் முதல் டம்ளரைப் பிடித்து என் கையில் கொடுத்தார். ஊரில் ஒரு குழாய் கூட வற்றவில்லை, ராசா.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னை வழிமறித்து விசாரிக்காத ஆள் இல்லை. அப்பாவுக்கு முடிவெட்டுகிறவர் சிநேகிதமாகிவிட்டார், சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து உலக நியாயம் பேசுகிறார்கள். நீ கோபப்படுவாய் என்று தெரியும், இருந்தாலும் மறைக்க மாட்டேன். நிலையத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். வயசாகிவிட்டது என்று எனக்கு நீ பயப்படுகிறாய், அது பாசம்தான், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் ஆச்சரியப்பட எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறதே, அதை விட்டுவிட்டு வா என்று சொல்லாதே. முடிந்தால் லீவு போட்டுக் குடும்பத்தோடு வா, பேத்திக்கு நான் கடலைக் குடிக்கக் கொடுக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, நிறைவாக வாழவேண்டும். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, போன தடவை போட்டோவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்கிறாய்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அப்பா எழுதுவது: உன் அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், ஒன்றை விட்டுவிட்டாள். அன்றைக்கு ஊரே வெளியே நின்றபோது அந்த ஜன்னலுக்குப் பின்னால் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு ஒருத்தி தனியாக நின்றாளே, அந்த நிற்பை நீ பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். இனிமேல் அவளைத் திரும்பி வரச் சொல்லாதே.