புளி பட்ட பொன்னெழுத்து

என் அருமை மாப்ளே,

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. எழுத்து உன் வேலை, வார்னிஷ் என் வேலை என்று பிரித்துக்கொண்டவர்கள்தானே நாம்?

குரங்கணி மலையிலிருந்து இறங்கின ஜீப்பு உருண்டு நீ போய்விட்டாய் என்று வந்து சொன்னபோது எனக்கு அழக்கூட வரவில்லை, அப்படியே நின்றேன். உன் மனைவி, என் தங்கை வசந்தாவும் அழவில்லை. இன்று காலை மறுபடியும் நான் அப்படி நின்றேன்.

நாளைக்கு ஆயுத பூஜை. போடி முழுக்கக் கடைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். வசந்தா காய் பிரிக்கிற ஏலக்காய்க் கடைப் பக்கம் போனேன். வாசலில் ஸ்டூல் மேல் அவள் நிற்கிறாள். ஒரு கையில் தேங்காய் நார், இன்னொரு கையில் புளி. நீ கடைசியாக எழுதின போர்டைப் போட்டுத் தேய்க்கிறாள்! குத்துவிளக்குத் தேய்க்கிற அதே தேய்ப்பு. பழுப்புத் தண்ணீர் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடுகிறது.

அவளைச் சொல்லி என்ன செய்ய? பளபளவென்று எது இருந்தாலும் அவளுக்குப் பித்தளைதான். "ஒந்தங்கச்சி கண்ணுல மின்னுறது எது பட்டாலும் புளியை எடுத்துர்றா மச்சான். ஒரு தங்கப்பல்லு கட்டிக்கலாம்னு பாத்தா பயமா இருக்கு" என்று நீ சொல்லிச் சிரித்தது மறந்துபோகுமா?

ஆனால் அது பித்தளை இல்லையே. மூச்சு விட்டால் பறக்கிற மெல்லிய தங்கத் தகடு, ரேக்கு. அதன் ஓரமெல்லாம் பழுப்பு வண்ணத்தை இழைத்து இழைத்து நிழல் கொடுத்திருந்தாய், தட்டைப் பலகையில் எழுத்து புடைத்து நிற்கும்படி. அந்த நிழலைக் காப்பாற்றத்தான் மேலே வார்னிஷ் பூசுவது. அந்தப் போர்டுக்கு வார்னிஷே பூசவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்?

எமர்ஜென்சி முடிந்த வருடம் போர்டு எழுதுகிற கடை போட்டதிலிருந்து நாம் போட்ட சண்டையெல்லாம் வார்னிஷுக்காகத்தான். பூசியே ஆகணும் என்பேன் நான், தங்கம் மங்கிப்போகும் என்பாய் நீ. கடைசிச் சண்டை எஸ்டேட் போர்டுக்காக. நான் கெட்டியாக அடித்தேன். காய்வதற்குள் மலையிலிருந்து மஞ்சு பனிமூட்டமாக இறங்கி, எழுத்தெல்லாம் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துப்போனது. "இனிமே என் தங்கத்து மேல ஒன் பிரஷ்ஷு படக்கூடாது" என்றாய். அதற்குப் பிறகு எழுதினது இந்த ஒரு போர்டுதான். காயட்டும் என்று சாய்த்துவைத்துவிட்டு ஜீப்பு ஏறினாய்.

நீ வேண்டாம் என்றதால் நான் தொடவில்லை. ஆளை விட்டு அப்படியே மாட்டச் சொல்லிவிட்டேன். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் கிடையாது.

"ஏ கழுத, எறங்குடி! அவன் எழுத்தையே அழிச்சிட்டியேடி!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் இறங்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். "நானே அழிச்சுப்புட்டேனாண்ணே? தூசி அடஞ்சு கெடந்துச்சு... நல்ல நாளும் அதுவுமா அவரு எழுதுனது மினுங்கட்டும்னுதான..." கையிலிருந்த நாரைக் கீழே போட்டாள்.

வாளியை எடுத்து நானே தண்ணீரை ஊற்றினேன். வழிகிறது புளியா, நீ இழைத்த நிழலா என்று தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், மாப்ளே, எல்லாம் அப்படியே இருக்கிறது! தங்கம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

எப்படி? ஸ்டூலில் ஏறி, பக்கவாட்டில் வெயில் படுகிற மாதிரி பார்த்தேன். வார்னிஷ்! வெங்காயச் சருகு மாதிரி மெலிசாக ஒரே பூச்சு. எழுத்தைத் தாண்டி நூலளவு வெளியே வந்து ரேக்கின் விளிம்பை அடைத்திருக்கிறது. பிரஷ் இழுத்த தடம் வலமிருந்து இடமாகப் போகிறது. நம் கடையில் இடது கைக்காரன் நீ ஒருவன்தானே?

எப்போது பூசினாய்? என் டப்பாவிலிருந்துதானே எடுத்தாய்? ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சண்டையில் நான் ஜெயித்துவிடுவேன் என்றா?

வசந்தாவைப் பக்கத்தில் ஏற்றித் தடத்தைக் காட்டினேன். ஈரக் கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "என்னைக்காச்சும் ஒருநா நான் புளியோட ஏறுவேன்னு அவருக்குத் தெரியும்ணே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நீ போன பிறகு அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

இனி வருடா வருடம் பூஜைக்கு முன்னால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து அந்தப் போர்டை இறக்கி, உன்னைப் போலவே மெலிசாக ஒரு பூச்சு பூசிவிடுவேன். மஞ்சு இறங்குகிற நாளில் டப்பாவைத் திறக்க மாட்டேன். இது சத்தியம். ஆனால் அவள் கையிலிருக்கிற புளியை மட்டும் நான் பிடுங்கப் போவதில்லை.

உன்னிடம் தோற்றுப்போன,
உன் வார்னிஷ் மச்சான்.