அறுபதுக்குக் கீழே

மார்ச் 3

பயிற்சி முடிந்த கையோடு எடை பார்த்தேன். ஐம்பத்தொன்பதரை கிலோ! கடைசியாகக் கோப்பை வாங்கியபோது இதே எடைதான். கிளப் டென்னிஸ் அணியில் ஒரே ஓர் இடம் காலி. மாதக் கடைசியில் தேர்வு ஆட்டம். இந்த வருஷமும் விட்டால் ராக்கெட்டை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 6

அக்கா என் தட்டை எட்டிப் பார்த்து, "இது உனக்கா, குருவிக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசி காதை அடைக்கிறது.

மார்ச் 11

கால் பறக்கிறது, எந்தப் பந்தையும் எட்டிவிடுகிறேன். ஆனால் நான் அடிப்பது கடைசிக் கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே விழுகிறது. எதிராளி ஏறி வந்து சாத்துகிறாள். ஏன்? ராக்கெட் ஸ்ட்ரிங்கை மாற்றணுமோ?

மார்ச் 12

பசி. எரிச்சல். பூனையைக்கூடத் திட்டித் தீர்த்தேன்.

மார்ச் 15

பயிற்சி ஆட்டம். மூன்றாவது செட்டில் கெண்டைக்கால் பிடித்து இழுக்க, கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோச் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேணாம் சார், முதல்ல எடை பாத்துட்டு வந்துடறேன்."

அவர் முகம் போன போக்கு!

"அதுக்காகவா தண்ணி குடிக்காம இருக்கே?"

"ஆட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பாக்கச் சொன்னது நீங்கதானே?"

"அடிப்பாவி! எவ்வளவு வேர்வை போச்சோ, அவ்வளவு தண்ணி குடிக்கணும்னுதான் சொன்னேன். போனதை எல்லாம் லாபம்னு நினைச்சுட்டியா?"

அழுதுவிட்டேன். இத்தனை நாள் பெருமைப்பட்டது வெறும் வேர்வைக்கா?

மார்ச் 18

"அப்ப என் சரியான எடை எவ்வளவு சார்?"

"எனக்கென்ன தெரியும்? சாப்பிடு, ஆடு, பாப்போம்."

நம்பர் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 24

காலையில் அறுபத்திரண்டரை. ஐயோ. பேன்ட் இடுப்பில் பிடிக்கிறது. ஆனால் சர்வ் — அடிக்கிற சத்தமே வேறு. ஒரு கிலோ மட்டும் குறைத்துப் பார்க்கலாமா? வேண்டாம். வேண்டாம்டி, சும்மா இரு.

மார்ச் 29

தேர்வு ஆட்டம். மூன்றாவது செட், ஐந்துக்கு ஐந்து. எதிரே இருந்தவள் ஒல்லி, என்னைவிடச் சின்னவள். முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். எனக்கும் வாங்கியது. ஆனால் என் பந்து கடைசிக் கோட்டை ஒட்டியே விழுந்துகொண்டிருந்தது. ஏழுக்கு ஐந்து, ஜெயித்துவிட்டேன்.

கை குலுக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "உங்க எடை எவ்வளவுக்கா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"அறுபத்திரண்டரை," என்றேன், சத்தமாகவே.