இலவசச் சப்பாத்துக்கு எழுதும் முதல் வரிகள்

இன்று காலை, பாறை ஏறக் காலில் போடும் சப்பாத்து நாறத் தொடங்கிவிட்டது. பையைத் திறந்ததும் புது ரப்பர் மணம் போய், வியர்வையும், வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சுண்ணாம்புத் தூளும் கலந்த அந்தப் பழைய நாற்றம் குப்பென்று வந்தது. மதிப்புரை எழுத நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது உன் சட்டம். “நாறினாப் பிறகுதான் சப்பாத்து உண்மை பேசும். அதுக்கு முதல் எல்லாம் கலியாண வீட்டுப் பேச்சு” என்பாய். உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று கை தொலைபேசியைத் தேடியது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, கைக்கு மட்டும் இன்னும் அது பழகவில்லை.

பாறை ஏறுகிறவர்களுக்கான நம் இணைய மன்றத்தில் உன் இடம் இத்தனை நாளும் சும்மா கிடந்தது. மன்றத்தைக் கவனித்துக்கொள்ளும் தாடிக்காரர் கொஞ்ச நாள் முன்பு என்னிடம் கேட்டார், இனி உன் இடத்தில் நான் எழுத முடியுமா என்று. சரி என்றுவிட்டேன். கம்பெனிகள் இலவசமாக அனுப்பும் சப்பாத்து, கயிறு, இடுப்புப் பட்டி இவற்றைப் போட்டுப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டல்லவா? மதிப்புரைக்கு மேலே, முதல் வரிகளில், பொருள் எப்படிக் கைக்கு வந்தது, எழுதுகிறவருடைய தீர்ப்பைச் சாய்க்கக்கூடியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அதை ஒப்புக்குச் செய்வார்கள். “கம்பெனி அனுப்பியது, கருத்து என்னுடையது” என்று ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஒருத்திதான் அந்த வரிகளை உண்மையாகவே எழுதினாய். அதற்காக, யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்தி வைத்திருந்த ஒரே விஷயத்தையும் விட்டுக்கொடுத்தாய். அந்த இடத்தில் நான் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான், மதிப்புரையை விட்டுவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் பழகிய விதமே சிரிப்புத்தான். நம் நகரத்தின் ஓரம் டாண்டினாங் பக்கம் பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றை, பிளாஸ்டிக் பிடிகள் பதித்த ஏறும் சுவராக மாற்றியிருந்தார்கள். அலுவலகத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று நான் முதல் முறையாக வந்து, வாடகைச் சப்பாத்தில் கால் நொந்து நின்றேன். தலைக்கு மேலே “ஐயோ, அம்மாளாச்சி!” என்று ஓர் அலறல். நிமிர்ந்து பார்த்தால் நீ கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருக்கிறாய். கீழேயிருந்து நான், “நீங்க தமிழா?” என்று கேட்டேன். “ஓம், ஓம், தமிழ்தான். இப்ப அதுவே முக்கியம்? கயிறை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ அந்தாளை!” என்று கத்தினாய். கயிற்றைப் பிடித்திருந்த வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து உன் கயிறு என் கையில், என் கயிறு உன் கையில்.

நான் ஈப்போக்காரி என்று தெரிந்ததும் உனக்கு வாய் நிற்கவில்லை. சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் வளர்ந்தவள், அங்கே ஒன்றிலும் கால் வைக்காமல், இங்கே வந்து சந்தா கட்டிச் சுவர் ஏறுகிறாள். “மலைக்குள்ள பிறந்துபோட்டு பிளாஸ்ரிக்கில ஏற வந்தனீயோ?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னது சரி.

மன்றத்தில் உன் பெயர் பரவக் காரணம் உன் கால்தான். எந்த மதிப்புரையிலும் கடைசியில் ஒரு பகுதி வைப்பாய், ரப்பர்ச் செருப்பில் வளர்ந்த கால்களுக்கு என்று. சின்ன வயதிலிருந்து சப்பாத்துக்குள் அடைபட்ட கால் ஒடுங்கியிருக்கும், நம்முடையது விசிறிபோல் விரிந்திருக்கும், ஏறும் சப்பாத்தோ மூக்கு நுனியில் ஊசியாக இருக்கும், சுண்டுவிரல் செத்தது என்று எழுதுவாய். ஒரு கம்பெனி அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டது. “கால் என்ர, எடுக்கேலாது” என்று பதில் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதினாய் என்று எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தாய். அவர்கள் அதன்பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. ஆனால் வியட்நாம்காரப் பெண்களும், தீவுகளிலிருந்து வந்தவர்களும், வடக்கே வெக்கை ஊரான டார்வின் பக்கத்து ஆட்களும் உன்னைத் தேடி வாசித்தார்கள். ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு பெண் உன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து, நீதானே அது என்று கேட்டாள். அன்று முழுக்க உன் தலை வானத்தில் இருந்தது.

பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வர ஓர் ஆள் வேண்டும் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னாய். வெரிபீயில் இருக்கும் உன் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. அத்தானை இழந்த துக்கத்திலிருந்து அக்கா அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். “அவவுக்குச் சொன்னா உடைஞ்சுபோவா. மற்றச் சனத்துக்குச் சொன்னா சாப்பாட்டுச் சட்டியோட வந்து என்ர கதிரையில குந்தியிருந்து அழும். எனக்கு ரெண்டும் வேண்டாம்” என்றாய். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஃபேஷன் என்று எல்லாரையும் நம்ப வைத்தாய். நானும் கூடவே பொய் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெட்டி வந்தது. அகலக் காலுக்கென்றே ஒரு கம்பெனி புதிதாகச் செய்த சப்பாத்து. மன்றத்தில் எல்லாரும் நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தார்கள். மருந்து ஏற்றாத ஒரு நல்ல நாளில் சுவருக்குப் போனோம். நீ மெல்ல மெல்லத்தான் ஏறினாய், ஆனால் முகம் பூத்துக் கிடந்தது. “அடியே, நோகவே இல்லையடி! முதல் நாளே நோகாத சப்பாத்து! கடைசியில எங்கட காலைக் கண்டுபிடிச்சிட்டாங்கள்!” என்று மேலேயிருந்து கூவினாய். கீழே நின்ற எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக எழுதி எழுதிக் கேட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

கார் நிறுத்தும் இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கார்ச் சாவியின் கூரான முனையால் பெருவிரலைக் குத்திப் பார்த்தாய். அடுத்த விரலையும் குத்தினாய். சுண்டுவிரலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. உனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கீமோ மருந்தில் விரல்கள் மரத்துப்போகும் என்று நர்ஸ் சொன்னதை இரண்டு பேருமே மறந்திருந்தோம். சாவியை மடியில் போட்டாய். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாய். “சப்பாத்து நல்லதில்லையடி. கால்தான் செத்துப்போச்சு.” நான் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், நீ என் முதுகைத் தட்டிக்கொடுத்தாய்.

அன்றைக்கு நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? “பேசாம பெட்டியைத் திருப்பி அனுப்பிடுலா. உடம்பு சரியில்லன்னு ஒரு வரி போதும்” என்றேன். நீ கேட்கவில்லை. நோகவில்லை என்று ஏற்கெனவே சுவரடியில் நாலு பேர் காதில் விழும்படி கத்தியாகிவிட்டது, நீ பேசாமல் இருந்தால் அதுவே தீர்ப்பாகிவிடும் என்பது உன் வாதம். “என்ர கதையைக் கேட்டு ஒருத்தி வாங்கிப் போட்டு, நகம் பேர்ந்து நிண்டா? அவளுக்கு நான் என்ன சொல்லுறது, எனக்குப் புற்றுநோய் வருத்தம், அதை ஒளிச்சு வைச்சிருந்தனான் எண்டோ?” ஒரு சப்பாத்துக்காக உன் ரகசியத்தை ஊருக்குச் சொல்வாயா என்று நான் கத்தினேன். “சப்பாத்துக்காக இல்லை. நம்பி வாசிக்குதுகள்” என்றாய்.

நீ எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “இந்தச் சப்பாத்து எனக்கு இலவசமாக வந்தது. எனக்குப் புற்றுநோய். மருந்தினால் கால்விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. ஆகவே இது நோகுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு மட்டும் என் தோழியின் காலை இரவல் வாங்கியிருக்கிறேன்.” அந்த இரவல் கால் என்னுடையது. நம் இருவருக்கும் ஒரே அளவான அந்தச் சப்பாத்தில் என் காலைத் திணித்து, ஏற விட்டு, “எங்க நோகுது? எப்பிடி நோகுது? ஒழுங்காச் சொல்லு” என்று கீழே நின்று அதட்டினாய். நான் திட்டிய வார்த்தைகளை நாகரிகமாக மாற்றி மதிப்புரையில் சேர்த்துக்கொண்டாய்.

நீ பயந்ததுபோல் மன்றத்தில் யாரும் அழுது வடியவில்லை. நாலைந்து பேர் அன்பாக இரண்டு வார்த்தை எழுதினார்கள். அதற்குக் கீழே ஒருவர், அதெல்லாம் சரி, குதிகால் பிடிப்பு எப்படி என்று கேட்டிருந்தார். “இவன்தான் மனுசன்!” என்று அவருக்கு மட்டும் ஒரு பக்கம் பதில் எழுதினாய்.

அக்காவின் மகளும் அந்த மன்றத்தில் இருந்தாள். மதியத்துக்குள் அக்கா வெரிபீயிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து காரில் வந்து இறங்கிவிட்டார். உடையவில்லை. கொதித்தார். “சப்பாத்து வாங்குற சனத்துக்குச் சொன்னனீ, எனக்குச் சொல்லேல்லை, என்ன?” என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு சமைக்க நேராகக் குசினிக்குள் போனவர், அதன்பின் உன் வீட்டை விட்டுப் போகவேயில்லை. சட்டிகளும் வந்தன, கதிரைகளும் நிறைந்தன. நீ நடுவில் ராணிபோல் படுத்துக்கொண்டு, யாருடைய பிட்டு நல்லது, யாருடையது காய்ந்தது என்று மதிப்புரை சொன்னாய். “இனி ஒளிக்கிற வேலை இல்லை. நல்லா நித்திரை வருது” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாய். அந்தக் கடைசி மாதங்களை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் முன்னால் வருகிறது. இதைச் சொன்னால் சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

நீ போனபிறகு சுவர்ப் பக்கம் போக எனக்குப் பிடிக்கவில்லை. கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. அப்போது உன் அக்கா என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் சொல்லாமலே கொட்டகைக்குப் போய், கயிறு பிடிக்கும் பயிற்சியை முடித்துவிட்டு வந்து நின்றார், அறுபதை நெருங்கும் வயதில். ஏறமாட்டாராம், தலை சுற்றுமாம். பிடிக்க மட்டும் செய்வாராம். உன்னைவிட நல்ல கனம், அதனால் நான் விழுந்தாலும் அவர் தரையை விட்டு அசைவதில்லை. நான் பாதியில் தயங்கி நின்றால், “ஏறு பிள்ளை, இல்லாட்டி இறங்கு. தேத்தண்ணி ஆறுது” என்று கீழேயிருந்து குரல் வரும். போன வாரக் கடைசியில் அராப்பிலீஸ் மலை வரைக்கும் வந்துவிட்டார். கோதுமை வயல்களுக்கு நடுவில் மடக்குக் கதிரையைப் போட்டு, எழுந்து நின்று கயிற்றைப் பிடித்தார். அந்தச் சிவந்த பாறையின் உச்சியில் நின்று கீழே பார்த்தேன். சின்னதாக அவர் தெரிந்தார், வயல் தெரிந்தது. எனக்கு வெகு நாட்களுக்குப் பிறகு நிறைவாக இருந்தது. அந்த நிறைவில், காலில் இருந்த இந்த இலவசச் சப்பாத்து அருமையானது என்றும் தோன்றிவிட்டது. இறங்கி வந்து கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது.

இந்தத் தடவை மரத்துப்போனது விரல் இல்லை. ஆனாலும் எனக்கு நோவு தெரியவில்லை. உனக்கு எழுதிக்கொண்டே வந்ததில், முதல் வரிகளில் எதைப் போட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இப்படிப் போடப்போகிறேன்:

“இந்தச் சப்பாத்து எனக்கு இலவசமாக வந்தது. மூக்கு நுனி ஒடுக்கம், செருப்பில் வளர்ந்த காலுக்கு ஆகாது. இதைப் போட்டு ஏறிய நாட்களில் கீழே கயிற்றைப் பிடித்தவர், எனக்கு முன் இங்கே எழுதியவளின் அக்கா. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதில் சப்பாத்துக்குப் பங்கில்லை.”