பவர் பட்டனில் குங்குமம்

ஆயுத பூஜை, புதன் இரவு.

வில்லாபுரம் வீட்டுக்கு வந்தும் மேனேஜர் மேல் இருக்கும் கோபம் அடங்கவில்லை.

நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் மில்லின் பில், ஸ்டாக் எல்லாம் மூன்று சர்வர்களில் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று நின்றால் மற்ற இரண்டும் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. காலையில் டிஸ்க் மாற்ற ஒன்றை நிறுத்தியிருந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவர் சந்தனம், குங்குமக் கிண்ணங்களோடு சர்வர் அறைக்குள் போய், மற்ற இரண்டையும் அணைத்துவிட்டார். பட்டன் மேலேயே பொட்டு.

"பூசையன்னைக்கு மிஷினு ஓடக் கூடாதுல்ல மாப்ள. நீ ஒண்ண நிப்பாட்டிட்டு மத்தத மறந்துட்டுப் போயிட்ட. அதான்."

"மறக்கலண்ணே. அந்த ரெண்டும் ஓடிக்கிட்டே இருக்கணும்."

"நல்ல நாளும் அதுவுமா கோவப்படாத. பொரி எடுத்துக்க."

மூன்றையும் எழுப்பிச் சரிபார்த்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. தூத்துக்குடி போக வேண்டிய லாரி, பில் இல்லாமல் அதுவரை வாசலிலேயே நின்றது. முதலாளி திட்டியது என்னைத்தான். மேனேஜர் பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தார்.

நாளை விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள். ஆரப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை திறந்ததும் அந்த அறைக்கு ஒரு பூட்டு வாங்கப் போகிறேன். பூட்டுக்கு அவரே பொட்டு வைக்கட்டும். சாவி என் பையில் இருக்கும்.