மேயர் கேட்டதும் அப்பா சொன்னதும்

அன்பு மகள் டூன்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், ஸ்வீடன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் தம்பி ரெல்யாவுக்குச் சளி விட்டுவிட்டது, நேற்று பாலர் பள்ளியில் ஒரு பையனைக் கடித்துவிட்டு வந்திருக்கிறான். நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. தண்ணீர் நிலைய இயக்குநர் பதவி என்னாச்சும்மா என்று கேட்பாய், குரல் உடையாமல் என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

எனக்குக் கிடைக்கவில்லை. ஓக்ன்யெனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்தான், கெட்டவன் இல்லை. இப்போது பதவியை விட்டுப் போகிற ராதோவான் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது நிலையத்தை நடத்தியது நான், மொராவா ஆறு பெருக்கெடுத்து ஊர்க் குழாய்களில் சேறு வரப்பார்த்தபோது ரப்பர் பூட்ஸோடு பம்ப் அறையில் நின்றதும் நான். எனக்குச் சின்னப் பையன் இருப்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

புனித நிக்கோலாதான் ராதோவான் குடும்பத்தின் காவல் புனிதர் ஆயிற்றே, அவர் நாளன்று அவர்கள் வீட்டு ஸ்லாவா விருந்துக்குப் போயிருந்தோம். மெழுகுவர்த்தி ஏற்றி, படைத்த வேகவைத்த கோதுமையை ஒரு வாய் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தோம், மேயரும் வந்திருந்தார். ராதோவானின் மனைவி தெசான்கா ஒற்றை ஆளாக மீன் தட்டுகளோடு அல்லாடுவதைப் பார்த்து நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாளே என்று பேசுவார்கள், அதுதான். காபித் தட்டோடு திரும்பி வந்தால் எல்லோரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்துகிறார்கள், புது இயக்குநருக்கு. ஓக்ன்யெனே, உனக்கென்னப்பா, காபிக்குக்கூடக் கவலையில்ல, நெவெனா இருக்காளே என்றார் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், டூன்யா.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீடு திரும்பும்போது காரில் உன் அப்பாவே சொன்னார். நான் சமையலறையில் இருந்தபோது பதவிக்கு ராதோவான் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தம்மாவுக்குச் சின்னப் பையன் இருக்கானே, நடுராத்திரி பம்ப் நின்னா யாரு ஓடுறது என்று மேயர் இழுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாராம். ஆமாங்க, அவ இப்பவே ரொம்பக் களைச்சுப் போறா என்றாராம் அப்பா. அதோடு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மீனுக்கு எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்தேன், ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பொறியியல் தேர்வு எழுதினவளுக்குக் களைப்பாம். ஏன் அப்படிச் சொன்னீங்க என்றேன். உன்மேல இருக்கற பாசத்துலதான், நீ கஷ்டப்படறத என்னால பாக்க முடியல என்கிறார். அது பொய்யில்லை, எனக்குத் தெரியும். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தார். குடிக்க முடியவில்லை. வேண்டாதவர் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், இவரிடம் என்னவென்று போடுவது?

நீ அப்பாவை வெறுத்துவிடாதே, போனில் எதுவும் கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். ஜனவரியில் நம் வீட்டு ஸ்லாவாவுக்குக் கண்டிப்பாக வந்துவிடு. அழைக்காமலே வருவது வழக்கமாயிற்றே, மேயரும் வருவார், ஓக்ன்யெனும் வருவான், நான்தான் பரிமாறுவேன். நீ மேசையில் அவர்களோடு உட்கார். எனக்கு ஒத்தாசை செய்ய எழுந்து வராதே. பழக்க தோஷத்தில் நானே கூப்பிட்டாலும் வராதே.

உன் அம்மா
நெவெனா