போனைப் போலப் பதில் சொன்னவளுக்கு

மகன் சென்னையிலிருந்து புதுப் போன் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைத் துடைக்கலாமென்று எடுத்தேன். எங்கே கை பட்டதோ, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவ வேண்டும்?" என்றது. யார் மேலும் எந்தக் கோபமும் இல்லாத அதே பெண் குரல். "நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், சும்மா கிட" என்றேன். அதற்கும் அலட்டிக்கொள்ளாமல், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்கிறது. அதோடு மல்லுக்கட்டிய நேரத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க உன்மேல்தான் ஆத்திரமாக வந்தது.

பின்னே? நம் கல்லூரி அலுவலகத்தில் இந்தக் குரலோடு முதலில் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டவள் நீதானே. பசுமலையில் அந்தப் பழைய கட்டடத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து விசாரணையை ஆரம்பித்துவிடுவாய். உன் பேர் என்ன, எந்த ஊர், அப்பா அம்மா யார், கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன வேலை பார்க்கிறாய், லீவு கொடுப்பார்களா, மேலே இருக்கிறவன் திட்டுவானா. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். எனக்கோ ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்காது. "அது மெசினுடி, அதப் போய் என்னத்தக் கேக்குற" என்று கத்துவேன்.

"நம்மள எம்புட்டுப் பேரு கேட்டிருக்காக. நாம ஒருத்தரையாவது கேக்க வேணாமா?" என்பாய்.

உன்னைக் கேட்டவர்கள் எம்புட்டுப் பேர் என்று எனக்கும் தெரியும். கீழக்குயில்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த வீட்டிலிருந்து வந்து, முதன்முதலாக அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவள் நீ. கல்யாணம் வேண்டாமென்று பசுமலையில் தனியாக வீடெடுத்து இருந்தவள். வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என எல்லாருக்கும் உன்னிடம் கேட்க ஏதோ ஒன்று இருந்தது. அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி நீ அலுத்துப்போயிருந்தாய்.

போன் ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொன்னதா? ஊர் எது என்றால், எல்லா இடத்திலும் இருக்கிறேன் என்றது. லீவு உண்டா என்றால், உங்களுக்கு உதவுவதே எனக்கு மகிழ்ச்சி என்றது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று நம்மையே திருப்பிக் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ சோற்றுக் கையோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். "ஒண்ணுமே சொல்லாம எல்லாத்துக்கும் பதில் சொல்லுது பாரு. ஆத்தி, இது இம்புட்டு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாய்.

அப்புறம் புதிதாக ஒரு சூப்பரண்டு வந்தாரே, அவர் ஒரு நாள் உன் மேசைக்கு எதிரில் சாவகாசமாக உட்கார்ந்து, "கீழக்குயில்குடியா? ஊருக்குள்ளயா, இல்ல அங்கிட்டா?" என்றார். அவர் கேட்டது தெருவை இல்லை என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் தலையைத் தூக்கவில்லை. நீ மட்டும் போனின் அந்தத் தேன் குரலை எடுத்தாய்: "எனக்குன்னு தனியா இடம் கிடையாது சார். எல்லா இடத்துலயும் இருக்கேன். உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?" மனுஷன் கேட்க வந்த ஃபைலைக்கூடக் கேட்காமல் எழுந்து போனார். நாம் இருவரும் பாத்ரூமுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதோடு விட்டாயா? கல்யாண வீடு, கோயில், பஸ் என்று போன இடமெல்லாம் அந்தக் குரல்தான். ஊரார் வாயை அதை வைத்து அடைத்தாய், சரி. என்னிடம் எதற்கடி அதை எடுத்தாய்?

ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு நீ இளைத்துப்போனாய். டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். "நான் எப்போதும் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாய். குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அப்புறம் மேலூரில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன், கூட இருந்து பார்க்கணும் என்று நீண்ட லீவு போட்டாய். கூப்பிடும்போதெல்லாம் சிரித்துப் பேசினாய். நான் வரட்டுமா என்றால், அக்காவுக்கு ஆள் வந்தால் பிடிக்காது என்றாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

எழவு வீட்டில்தான் தெரிந்தது, வயிற்றில் கட்டி அக்காவுக்கு இல்லை, உனக்கு என்று. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார்.

"பொங்கலுக்கு முன்னாடியே உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டேன்னு சொன்னா. நீங்க வருவீகன்னு நான் தெனமும் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு தடவ வந்து எட்டிப் பாக்க மனசு வரலையே."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாதவள் மாதிரி நீ படுத்திருந்தாய். அடிப்பாவி, உன்னை எழுப்பி உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "மன்னிச்சிருங்கக்கா. ஏதாவது உதவி வேணுமாக்கா?" என்பதுதான். சொன்ன பிறகுதான் யார் பேசுகிற பேச்சு அது என்று உறைத்தது.

என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ரசம் வைத்து எடுத்துக்கொண்டு தினமும் மேலூர் பஸ் ஏறியிருப்பேன். அதெல்லாம் வேண்டாமென்று நினைத்தாயா? இல்லை, நானும் உன்னைக் கேள்வி கேட்கிற கூட்டத்தில் ஒருத்திதானா? இதைக் கேட்க இனி ஆளில்லை.

போன வாரம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஓடிப் போய்க் கையைப் பிடித்து, அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையக்கா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் மேல் உள்ள பழி போய்விடும். ஆனால் தங்கச்சி தன்னைத் தவிர இன்னொருத்தியிடமும் மனம்விட்டுப் பேசியிருக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறாரே, அதுவும் கூடவே போய்விடும். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. அக்கா என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ என்னிடம் சொன்னாய் என்றே இருக்கட்டும்.